வீட்டு எறும்பு ஒழிப்பின் வரலாறு: நீர்க்கிண்ணம் முதல் நச்சு இரை வரை

வீட்டு எறும்பு ஒழிப்பு என்பது சமையலறையிலும் உணவு அலமாரியிலும் எறும்புகள் நுழையாமல் தடுக்கவும், நுழைந்தவற்றை விரட்டவோ கொல்லவோ மனிதர்கள் கையாண்ட முறைகளைக் குறிக்கும். சர்க்கரை டப்பாவைத் திறந்ததும் எறும்பைப் பார்த்து முகம் சுளிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதற்கு என்ன வரலாறு என்று மாணவர்கள் கேட்கலாம். கடந்த நூற்றாண்டில் கொடிய நஞ்சுகள் பல வீட்டுச் சமையலறைக்குள் வந்து சேர்ந்ததற்கு எறும்பும் ஒரு காரணம். அவை எப்படி வந்தன, ஏன் வெளியேற்றப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உறியும் நீர்க்கிண்ணமும்

பழைய தமிழ் வீடுகளில் எறும்பைக் கொல்வதைவிட, அதற்கு எட்டாமல் உணவை வைப்பதே வழக்கமாக இருந்தது. பாலும் தயிரும் வெண்ணெயும் உறியில் தொங்கின. பூனை, எலி, எறும்பு ஆகிய மூன்றுக்கும் உறி ஒன்றே தடை. கயிற்றின் வழியாக எறும்பு இறங்கிவிடும் என்பதால், எண்ணெயில் நனைத்த துணியைக் கயிற்றின் மேல்பகுதியில் சுற்றிவைப்பதும் உண்டு.

உணவு அலமாரி வைத்திருந்த வீடுகளில் அதன் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் நின்றன. கல், பீங்கான், பித்தளை என வசதிக்கேற்ப கிண்ணம் மாறும். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வீடுகளிலும் இதே ஏற்பாடு இருந்தது. தென்கிழக்கு ஆசியாவின் பல நாடுகளில் இது இன்றும் உண்டு. கோட்டையைச் சுற்றிய அகழியின் வேலையை இந்தச் சிறு கிண்ணம் செய்தது. ஆனால் நீரின் மேல் தூசி படிந்து ஆடை கட்டிவிட்டால் எறும்பு அதன்மேல் நடந்து கடந்துவிடும். ஆகவே நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். அல்லது சில சொட்டு மண்ணெண்ணெய் விட வேண்டும்.

பழைய முறை என்பதற்காக அதில் தீங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருக்கும் சிறிய, தெளிந்த நீர்நிலைகளில் முட்டையிடும். அலமாரிக் காலடிக் கிண்ணம் அதற்கு ஏற்ற இடம். தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகளில் கொசுப்புழுக் கணக்கெடுப்பு செய்பவர்கள் இந்தக் கிண்ணத்தைத் தனி இனமாகவே பதிவு செய்கிறார்கள். நீரில் உப்பைக் கரைத்து வைப்பது, வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுவது என்பவை அங்கே வழங்கப்படும் அறிவுரைகள். எறும்புக்கு வைத்த அகழி கொசுவுக்குத் தொட்டிலாகலாம் என்பதை நம் ஊர்ச் சுகாதாரப் பாடங்களிலும் சேர்க்கலாம்.

சர்க்கரை டப்பாவில் இரண்டு கிராம்பு போடுவது, எறும்பு மொய்த்த வெல்லத்தையும் ரவையையும் வெயிலில் பரப்பி எறும்புகள் தாமாக வெளியேறும்வரை காத்திருப்பது, நுழையும் சந்தில் மஞ்சள்தூள் வைத்து அடைப்பது ஆகியவையும் பழக்கத்தில் இருந்தன. மஞ்சளில் உள்ள எண்ணெய்க்குப் பூச்சிகளை விலக்கும் தன்மை ஓரளவு உண்டு. எனினும் அது நிரந்தரத் தடை அல்ல. இரண்டு நாளில் எறும்பு வேறு சந்தைக் கண்டுபிடித்துவிடும்.

கடிக்காத சிறிய கறுப்பு எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்று சொல்லி, அதைக் கொல்லக்கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். வாசலில் அரிசி மாவுக் கோலம் இடுவது எறும்புக்கும் உணவாகட்டும் என்பதற்காக என்று விளக்கம் சொல்வதும் உண்டு. எறும்பு வீட்டுக்குள் வராமல் தடுக்கும் அறிவியல் உத்தி அது என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். மாவு எறும்பை வாசலுக்கு அழைக்கும். வாசலோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. கோலத்தின் அழகையும் ஈகையையும் சொன்னாலே போதும், அதற்கு ஆய்வகச் சான்றிதழ் தேவையில்லை.

சாரையின் இரகசியம்

எறும்புகள் ஒரே கோட்டில் செல்வதைத் தமிழர்கள் நெடுங்காலம் முன்பே கவனித்திருக்கிறார்கள். சிறுகுடிப் பண்ணனின் கொடையைப் புகழ்ந்து சோழன் கிள்ளிவளவன் பாடிய புறநானூற்றுப் பாடலில் (173), கையில் சோற்றுடன் செல்லும் சிறுவர் கூட்டம், மழைக்கு முன் முட்டையைச் சுமந்து மேட்டுக்குச் செல்லும் எறும்பு வரிசைக்கு ஒப்பிடப்படுகிறது. ஆனால் அந்த வரிசை எப்படி உருவாகிறது என்பது பிற்காலத்தில்தான் தெளிவானது.

18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிஞர் சார்லஸ் பொன்னே, எறும்புச் சாரையின் குறுக்கே விரலால் தேய்த்தார். அந்த இடம் வந்ததும் எறும்புகள் தயங்கி நின்று திரும்பின. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரையில் இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அது என்ன என்பதற்கு 1959-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் வில்சன் விடை தந்தார். நெருப்பெறும்பின் வயிற்றில் கொடுக்கின் அருகே உள்ள ஒரு நுண்ணிய சுரப்பியை எடுத்து நசுக்கி, அதன் சாற்றால் கண்ணாடியில் கோடு இழுத்தார். எறும்புகள் கூட்டை விட்டு வெளியே வந்து அந்தக் கோட்டின் வழியே நடந்தன. இத்தகைய தகவல் வேதிப்பொருள்களுக்கு ஃபெரோமோன் என்ற பெயர் சூட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

உணவு கண்ட எறும்பு திரும்பும்போது இந்தப் பொருளைத் தரையில் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. பின்வரும் எறும்பு அதை மோந்து சென்று, உணவு கிடைத்தால் தானும் கோட்டை அழுத்தமாக்குகிறது. உணவு தீர்ந்துவிட்டால் புதுப்பிப்பவர் இல்லாமல் கோடு ஆவியாகி மறைகிறது. வழியை ஈரத்துணியால் சோப்பு நீர் தொட்டுத் துடைத்தால் சாரை கலைவதன் காரணம் இதுதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல் தேய்கிறதோ இல்லையோ, எறும்பு ஊர ஊர அதன் பாதை வலுப்பெறுகிறது.

இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்தபோது, தம் அறையின் உணவு அலமாரிக்கு வந்த எறும்புகளை ஒன்றைக்கூடக் கொல்லாமல் விலக்கியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். எறும்புகள் நுழையும் துளைக்குச் சற்றுத் தள்ளிச் சர்க்கரையை வைத்தார். அலமாரிக்குச் செல்லும் எறும்பையும் அங்கிருந்து திரும்பும் எறும்பையும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏற்றிச் சர்க்கரைக்குக் கொண்டு சேர்த்தார். சர்க்கரையிலிருந்து துளைக்குப் புதிய பாதை உருவாகி வலுத்தது. பழைய பாதை புதுப்பிக்கப்படாமல் மங்கியது. ஒரு மணி நேரத்துக்குள் அலமாரியில் எறும்பு இல்லை. அத்தனை பொறுமை இல்லத்தரசிகளுக்குக் காலை நேரத்தில் இருக்காது என்றாலும், வகுப்பறையில் செய்துகாட்ட இதைவிட நல்ல சோதனை கிடைப்பது அரிது.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். நாம் சாரையில் காண்பவை வேலைக்கார எறும்புகளில் ஒரு சிறு பகுதி மட்டுமே. முட்டையிடும் இராணி கூட்டைவிட்டு வருவதில்லை. இங்கிலாந்தின் ஜான் லபக் தம் வீட்டில் வளர்த்த ஓர் இராணி எறும்பு 1874 முதல் 1888 வரை உயிரோடு இருந்தது. தரையில் ஊரும் நூறு எறும்புகளைக் கொன்றாலும் கூட்டின் கணக்கில் அது பெரிய இழப்பு அல்ல. பின்னால் வந்த நஞ்சுப் பொடிகள் இந்த உண்மையைப் பொருட்படுத்தவே இல்லை.

பாகில் கலந்த நஞ்சு

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடைகளில் கிடைத்த பூச்சிப் பொடி, பைரித்திரம் என்னும் ஒருவகைச் செவ்வந்திப் பூவை உலர்த்தி அரைத்தது. பாரசீகமும் டால்மேஷியக் கடற்கரையும் அதன் தாயகம். பிற்காலத்தில் காஷ்மீரிலும் நீலகிரியிலும் அது பயிரிடப்பட்டது. வெயிலில் விரைவாகச் சிதைந்துவிடுவதால் அதன் ஆற்றல் நீடிப்பதில்லை.

அமெரிக்காவில் 1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அர்ஜென்டினா எறும்பு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இந்த எறும்பு வீடுகளில் பெருந்தொல்லையானபோது, சர்க்கரைப் பாகில் ஆர்சனிக் உப்பைச் சிறிதளவு கலந்து வைக்கும் முறை பரவியது. எறும்பு உடனே சாகாமல் பாகைக் கூட்டுக்குக் கொண்டுசெல்லட்டும் என்பதே நோக்கம். எண்ணம் சரிதான், தேர்ந்த நஞ்சுதான் தவறு. ஆர்சனிக்கை அடுத்துத் தாலியம் சல்பேட்டு வந்தது. நிறமும் மணமும் சுவையும் இல்லாத இந்த நஞ்சு இனிப்பில் கலந்து வீட்டு மூலையில் இருந்தால் முதலில் கண்டுபிடிப்பது எறும்பா, தவழும் குழந்தையா? குழந்தைகள் பலர் நஞ்சுண்ட பிறகு, 1965-இல் வீட்டு உபயோகத்துக்குத் தாலியத்தை அமெரிக்கா தடை செய்தது.

பொடிக் காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வந்தவை குளோரின் கலந்த செயற்கைப் பூச்சிக்கொல்லிகள். டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வீடுகளில் எறும்புக்கு அதைவிட அதிகம் பயன்பட்டது பி.எச்.சி. என்னும் பொடி. மைக்கேல் ஃபாரடே 1825-லேயே இதை ஆய்வகத்தில் தயாரித்திருந்தார். அது பூச்சியைக் கொல்லும் என்பது 1940களில்தான் தெரியவந்தது. காமாக்சின் என்ற வணிகப் பெயரே ஊர்ப்புறத்தில் அதன் பெயராக நிலைத்தது. இந்தியாவில் பூச்சிக்கொல்லி உற்பத்தி தொடங்கியதே இந்தப் பொருளில்தான்: 1952-இல் கல்கத்தா அருகே ரிஷ்ராவில் பி.எச்.சி. ஆலை நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் டி.டி.டி. தயாரிக்க இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசு நிறுவனம் வந்தது.

மலிவான விலை, தூவியதும் எறும்பு சுருண்டு சாகும் காட்சி, மாதக்கணக்கில் நீடிக்கும் ஆற்றல். வேறென்ன வேண்டும்? வயலுக்கு வாங்கிய பொடியில் ஒரு கை வீட்டுக்கும் வந்தது. 1980களில் நான் பணியில் சேர்ந்த காலத்தில், பள்ளி வைப்பறையில் அரிசி மூட்டைகளைச் சுற்றி இந்தப் பொடியால் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். புழுங்கிய நாற்றம் ஒன்று அறை முழுவதும் இருக்கும். அந்த மூட்டைகளின் மேல் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவதைத் தடுக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றியதில்லை. எறும்பு மருந்து என்றுதான் பெயர். மருந்து என்ற சொல்லே பாதி அச்சத்தைப் போக்கிவிட்டது.

பொடியின் சிறப்பாகக் கருதப்பட்ட நீடிப்புதான் அதன் பெருங்கேடு. பி.எச்.சி. என்பது ஒரே மூலக்கூறின் பல வடிவங்களின் கலவை. அதில் பூச்சியைக் கொல்லும் காமா வடிவம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். மீதி வடிவங்கள் எறும்புக்குப் பெரிய தீங்கு செய்யாமல் மண்ணிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். பசும்பாலிலும் தாய்ப்பாலிலும் இதன் எச்சம் இருப்பதை இந்திய ஆய்வுகள் காட்டின.

நஞ்சும் உணவும் அருகருகே இருந்தால் என்ன நேரும் என்பதற்கு இதற்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. 1958-இல் கேரளத்தில் கோதுமை மாவு உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் உணவுப் பொருள்களோடு ஏற்றி வந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கசிந்து கலந்ததே காரணம். அது எறும்புப் பொடி அல்ல, எறும்புக்காக வந்ததும் அல்ல. எனினும் இந்தியாவில் பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்டது இந்தத் துயரம்தான். இன்று எறும்பு மருந்துப் பெட்டியில் காணும் வண்ணச் சாய்சதுரக் குறி அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி அச்சிடப்படுவது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

நெருப்பெறும்போடு நடந்த போர்

எறும்பை அடியோடு அழித்துவிட முடியும் என்ற நம்பிக்கை உச்சத்துக்குச் சென்றது அமெரிக்காவில். தென் அமெரிக்க நெருப்பெறும்பு 1930களில் அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகம் வழியாக நுழைந்தது. 1942-இல் அதன் கூட்டை அங்கே கண்டு குறித்தவர்களில் ஒருவர் 13 வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன்தான் மேலே சொன்ன எட்வர்ட் வில்சன்.

1957-இல் அமெரிக்க வேளாண் துறை இதற்கெதிராகப் பெருந்திட்டம் தீட்டியது. டையெல்ட்ரின், ஹெப்டாகுளோர் ஆகிய நஞ்சுகள் விமானத்திலிருந்து இலட்சக்கணக்கான ஏக்கரில் தூவப்பட்டன. பறவைகளும் மீன்களும் கால்நடைகளும் மடிந்தன. 1962-இல் வெளிவந்த ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நூல் இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு மைரெக்ஸ் என்ற நஞ்சைச் சோயா எண்ணெயில் கரைத்து, அரைத்த சோளத் தக்கையில் ஊறவைத்து இரையாகத் தூவினார்கள். அளவு குறைந்தது, ஆனால் மைரெக்ஸும் கொழுப்பில் தங்கும் பொருளே. மனித உடலிலும் அது காணப்பட்டதால் 1978 வாக்கில் கைவிடப்பட்டது. இருபது ஆண்டு முயற்சிக்குப் பிறகும் எறும்பு பின்வாங்கவில்லை, முன்னைவிட அதிக மாநிலங்களில் பரவியிருந்தது. நஞ்சு, போட்டிக்கு இருந்த உள்ளூர் எறும்பு இனங்களையும் கொன்றுவிட்டது. வெறுமையான இடத்தில் முதலில் குடியேறியது நெருப்பெறும்பு. பூச்சியியலின் வியட்நாம் என்று வில்சன் இதைக் குறிப்பிட்டார்.

தடையும் சாக்பீஸும்

இந்தியாவில் ஹெப்டாகுளோரும் குளோர்டேனும் 1996-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடை செய்யப்பட்டன. பி.எச்.சி.யிலிருந்து காமா வடிவத்தை மட்டும் பிரித்தெடுத்த லிண்டேனுக்கு மேலும் சில காலம் இடமிருந்தது. 2011-இல் அதன் உற்பத்திக்கும் 2013-இல் பயன்பாட்டுக்கும் தடை வந்தது. எனினும் பழைய டப்பாக்கள் பரணிலிருந்து சட்டத்தைப் படித்துவிட்டு இறங்கி வருவதில்லை. வீடு மாறும்போதோ இடிக்கும்போதோ பெயர் அழிந்த பொடி டப்பா கிடைத்தால், எறும்புக்கு ஆகுமே என்று எடுத்து வைக்காதீர்கள்.

அடுத்து வந்தது சாக்பீஸ். பைரித்திரப் பூவின் வேதிப்பொருளை முன்மாதிரியாகக் கொண்டு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் குழுவினர் 1970களில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவற்றை உருவாக்கினர். பூவின் சாறுபோல வெயிலில் சிதையாமல், பி.எச்.சி. போல ஆண்டுக்கணக்கில் தங்காமல் இவை நடுவே நின்றன. இவற்றைச் சுண்ணக்கட்டியில் கலந்து, கோடு போட்டால் எறும்பு தாண்டாது என்று விற்றார்கள். லட்சுமண ரேகை என்ற வணிகப் பெயருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பழைய பொடியைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் ஆசிரியராக இதன் வடிவத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. கரும்பலகைச் சாக்பீஸும் நஞ்சுச் சாக்பீஸும் ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே நிறம். சாக்பீஸைக் கடித்துப் பார்க்காத குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இறக்குமதியாகி வரும் பூச்சிச் சாக்பீஸ்களைச் சட்டவிரோதப் பொருள் என்று அறிவித்து எச்சரித்ததற்கும் இந்த ஒற்றுமையே முக்கியக் காரணம். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பெர்மெத்ரின் போன்றவற்றை அதன் உடல் எளிதில் சிதைக்க இயலாது. மீன் தொட்டிக்கும் இவ்வகை ஆகாது.

கோட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. நம் வீடுகளில் சுவர் விரிசலிலும் மின்சாரப் பெட்டியிலும் குடியிருக்கும் மங்கிய மஞ்சள் நிறச் சிற்றெறும்பான பார்வோன் எறும்பின் கூட்டில் இராணிகள் பல. விரட்டும் தன்மையுள்ள மருந்தைத் தெளித்தால் கூட்டம் பல துண்டுகளாகப் பிரிந்து புதிய இடங்களில் குடியேறும். ஒரு கூடு இருந்த வீட்டில் நான்கு கூடுகள் ஆகும். மருத்துவமனைகளில் இந்த எறும்பை ஒழிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

மெதுவாகக் கொல்லும் இரை

அர்ஜென்டினா எறும்புக்குப் பாகு வைத்தவர்களின் எண்ணம் மறுபடி உயிர்பெற்றது இப்படித்தான். நஞ்சு எறும்பை விரட்டக்கூடாது. உடனே கொல்லவும் கூடாது. உண்ட எறும்பு கூடு திரும்பி, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்கும் புழுக்களுக்கும் இராணிக்கும் ஊட்டும்வரை உயிரோடு இருக்க வேண்டும். 1960களில் நெருப்பெறும்பு ஆய்வுகளில் தெளிவான இந்த விதி, 1980 முதல் உடலில் தேங்காத மருந்துகளோடு நடைமுறைக்கு வந்தது. இப்போது ஊசிக்குழலிலும் சிறு பெட்டியிலும் விற்கும் இரைப் பசைகளில் ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை மிகச் சிறிய அளவில் இருக்கின்றன.

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் இந்த வரிசையில் வரும். 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள், 10 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் போரிக் அமிலம் 1 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ இருப்பதே நன்கு வேலை செய்கிறது என்று காட்டின. பலர் கரண்டி கரண்டியாகக் கலக்கிறார்கள். எறும்பு அதைத் தொடாமல் சென்றுவிடும், அல்லது வழியிலேயே செத்துவிடும். போரிக் அமிலமும் குழந்தைக்கு நஞ்சே என்பதால், மூடியில் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் பஞ்சில் நனைத்து, கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சாரையை அன்று துடைக்கக் கூடாது. பக்கத்தில் சாக்பீஸ் கோடும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரைக்கு வரும் வழியை நாமே அடைத்ததாகும்.

இரை வைத்த முதல் நாளும் இரண்டாம் நாளும் எறும்பு முன்னைவிட அதிகமாக வரும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று டப்பாவைத் தூக்கி எறிபவர்களே அதிகம். பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் சாரை மெலியும்.